மூணு கடிகாரம்... ஒரு ஃபேக்டரி!



இந்த வாரம் உங்களுக்கு ஒரு குட்டி அசைன்மென்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது! வீட்டுக்குப் போனதும் பரண், பீரோ, அம்மாவோட தையல் மெஷின் டிராயர்னு ஒரு ரவுண்டு தேடுங்க. எங்கேயாவது ஒரு பழைய நோக்கியா பட்டன் போன் தூங்கிக்கிட்டிருக்கும். பின்பக்க மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழட்டி, உள்ளே இருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க. 2014-க்கு முந்தைய போனா இருந்து, அதில் 'மேட் இன் இந்தியா'ன்னு போட்டிருந்தா... சந்தேகமே வேண்டாம், அது நம்ம ஸ்ரீபெரும்புதூர் குழந்தை!

சென்னையிலிருந்து பெங்களூரு ஹைவேயில் சுமார் 40 கிலோமீட்டர். ராமானுஜர் அவதரித்த ஊர். 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். இந்த ரெண்டுக்கும் அப்புறம் அந்த ஊருக்கு உலக அளவில் ஒரு முகவரி கொடுத்தது நோக்கியா ஃபேக்டரிதான். 2006-ல் உற்பத்தி ஆரம்பம். 2014 நவம்பர் 1-ம் தேதி நிறுத்தம். ஒரு பையன் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்து எட்டாவது முடிக்கிற காலம்தான் அதன் மொத்த ஆயுசு!

'வரி கேஸ் போட்டே விரட்டிட்டாங்க பாஸ்' என்பது ஒரு கட்சி. 'கம்பெனியே தேறாத கேஸ். வரி சும்மா ஒரு சாக்கு' என்பது எதிர்க்கட்சி. சுங்குவார்சத்திரம் பக்கம் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்க, பட்டிமன்றமே நடக்கும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா, ரெண்டு பேருமே கவனிக்காம விடுற விஷயம் ஒண்ணு உண்டு. அந்த ஃபேக்டரி சுவரில் ஒரு கடிகாரம் இல்லை... மூணு கடிகாரம் ஓடிக்கிட்டிருந்தது. மூணும் மூணு வேகம்!

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? ஃபைனல் இயர் முடிச்சதும் உங்களில் பாதிப் பேர் ஏறப்போறது இதே ரூட் பஸ்ஸில்தானே... ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால்!

தடபுடல் ஆரம்பம்!

2005 ஏப்ரலில் தமிழக அரசுக்கும் நோக்கியாவுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. நிலம், மின்சாரம், வரி என்று சலுகைகள் தாராளம். அப்போ எல்லா மாநிலமும் நோக்கியாவுக்காக வரிசையில் நின்ன காலம். சும்மாவா? 2007 வாக்கில் உலகத்தில் விற்ற பத்து போனில் கிட்டத்தட்ட நாலு நோக்கியா! டார்ச் லைட் வெச்ச, தூசி புகாத கீபேட் வெச்ச 1100 மாடல் மட்டுமே உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் வித்துச்சு.

சிப்காட்டில் சுமார் 210 ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலம். நோக்கியா மட்டும் தனியா வரலை. போன் அசெம்பிள் பண்ற ஃபாக்ஸ்கான், சார்ஜர் செய்ற சால்காம்ப், பிளாஸ்டிக் பாகம் செய்ற பெர்லோஸ் என்று சப்ளையர்களையும் கூட்டிக்கிட்டு வந்தது. கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை மட்டுமா வருவார்? சொந்தபந்தம் எல்லாம் வரும் இல்லையா... அப்படி! உச்சத்தில் நோக்கியாவில் நேரடியா சுமார் 8,000 பேர். சப்ளையர்கள், கேன்டீன், பஸ், செக்யூரிட்டி எல்லாம் சேர்த்தா அதைப் போல ரெண்டு, மூணு மடங்கு.

வேலைக்கு வந்தவங்க யாருன்னு நினைக்கிறீங்க? ப்ளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்ச பசங்க. பாதிக்கும் மேல பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலைன்னு சுத்துப்பட்டு மாவட்டங்களின் கிராமத்துப் பொண்ணுங்க. குடும்பத்திலேயே முதல் முறையா மாசச் சம்பளம், பி.எஃப்., ஏ.டி.எம். கார்டு பார்த்தவங்க நிறைய பேர். 'நோக்கியால வேலை பார்க்கிற பொண்ணு'ன்னா கல்யாண மார்க்கெட்டில் தனி மரியாதை!

எல்லாமே சொர்க்கம்னு சொல்ல முடியாது. சம்பளத்துக்காகவும் சங்கத்துக்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010-ல் ஒரு இளம் பெண் தொழிலாளி மெஷினில் சிக்கி உயிரிழந்தார். ஆனாலும், அந்த வேலை பல வீட்டில் கூரையை மாத்தியது, தம்பியை காலேஜுக்கு அனுப்பியது. அதுவும் உண்மை.

முதல் கடிகாரம்: மார்க்கெட்!

மூணில் இதுதான் ரொம்ப வேகமா ஓடுற கடிகாரம். இதன் முள் மாசக் கணக்கில் நகரும். ஆறு மாசம் லேட்டா வந்தா அவுட்!

நோக்கியாவின் விசேஷமே, யோசனையில் முந்தி, செய்றதில் பிந்தி! 1997-லயே போனுக்குள்ள ஸ்நேக் கேமைக் கொண்டுவந்தவங்க அவங்க. 2003-ல் கேம் ஆடுறதுக்காகவே 'என்-கேஜ்'னு ஒரு போன் விட்டாங்க. போனில் கேம்தான் எதிர்காலம்னு எவ்வளவு சரியா கணிச்சிருக்காங்க பாருங்க! ஆனா, அந்த போனில் ஒரு கேமை எடுத்துட்டு இன்னொரு கேம் போடணும்னா பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியைக் கழட்டணும். பேசணும்னா போனை விளிம்பு காதில் படுற மாதிரி நிமிர்த்திப் பிடிக்கணும். உலகமே சிரிச்சது. யோசனை ஜெயிச்சது, போன் தோத்தது.

2007-ல் ஐபோன் வந்தது. 2008-ல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. நோக்கியா தன் பழைய சிம்பியன் சாஃப்ட்வேரையே தேய்ச்சுக்கிட்டிருந்தது. 2010-ல் 'இதோ மீகோ வருது'ன்னு இன்டெல்லோடு சேர்ந்து ஒரு புது சாஃப்ட்வேரை அறிவிச்சாங்க. அதை வெச்சு ஒரு போன் வர்றதுக்குள்ளயே, 2011 பிப்ரவரியில் புது சி.இ.ஓ. ஸ்டீபன் ஈலாப் 'இனிமே மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ்தான்'னு சொல்லிட்டார். சரி, விண்டோஸ் போனாவது உடனே வந்ததா? முதல் லூமியா வெளிவந்தது அந்த வருஷக் கடைசியில்! நடுவில் கடைக்குப் போனவன் என்ன பண்ணுவான்? 'நாளைக்குச் செத்துப்போற சாஃப்ட்வேரை இன்னிக்கு எதுக்கு வாங்கணும்?'னு சாம்சங் வாங்கிட்டுப் போயிட்டான். 2012-ன் முதல் மூணு மாசத்தில் உலகின் நம்பர் ஒன் போன் கம்பெனி பட்டம் சாம்சங் கைக்குப் போச்சு. பதினாலு வருஷ மகுடம்!

'அதெல்லாம் ஸ்மார்ட் போன் கதை. நம்ம ஊர் ஃபேக்டரியில் செஞ்சது பட்டன் போன்தானே?'னு கேட்பீங்க. கரெக்ட். அங்கேயும் லேட்தான்! ஒரு சிம்மில் ஊருக்கு, இன்னொரு சிம்மில் ஆஃபர் எஸ்.எம்.எஸ்ஸுக்குன்னு ரெண்டு சிம் வெச்சு சமாளிக்கிற ஊர் நம்ம ஊர். மைக்ரோமேக்ஸ் மாதிரி இந்திய பிராண்டுகளும் பேர் தெரியாத சைனா செட்டுகளும் டூயல் சிம்மை வெச்சே கல்லா கட்டிட்டாங்க. இந்தியாவிலேயே ஃபேக்டரி வெச்சிருந்த நோக்கியாவின் டூயல் சிம் போன் இந்தியக் கடைக்கு வந்தது 2011-ல்! வாசல்லயே இருந்த வாடிக்கையாளர் என்ன கேட்கிறார்னு ஃபின்லாந்துக்குக் கேட்க அத்தனை நாள் ஆயிருக்கு.

ஆக, வரி அதிகாரிகள் கேட்டைத் தட்டுறதுக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள வெள்ளம் கணுக்கால் வரைக்கும் வந்தாச்சு.

இரண்டாவது கடிகாரம்: கோர்ட்!

இது வருஷக் கணக்கில் நகர்ற கடிகாரம். கம்பெனி அவசரம், வாங்க வந்தவன் அவசரம் எதுவும் இதுக்குத் தெரியாது. தெரியவும் கூடாதுன்னு சொல்றவங்க உண்டு!

2013 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியில் வருமான வரித்துறை சோதனை. மார்ச்சில் சுமார் 2,080 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ். என்ன பிரச்னை?

ஒரு உதாரணம் சொல்றேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 500 ரூபாய் கொடுத்து ஒரு ஒரிஜினல் கேம் சி.டி. வாங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. நீங்க வாங்கினது என்ன? சோப்பு, சீப்பு மாதிரி ஒரு பொருளா? இல்லை, அந்த கேமை எழுதினவனுக்கு அவன் மூளைக்காகக் கொடுக்கிற உரிமைத் தொகையா, அதாவது ராயல்டியா? உங்களுக்கு எப்படியும் ஒண்ணுதான். ஆனா, வரிச் சட்டத்துக்கு ஒண்ணு இல்லை. வெளிநாட்டுக்காரனிடம் பொருள் வாங்கினா ஒரு கணக்கு. ராயல்டி கொடுத்தா, கொடுக்கும்போதே வரியைப் பிடிச்சு அரசாங்கத்திடம் கட்டிடணும். அதுதான் டி.டி.எஸ்.

இங்கே தயாரான ஒவ்வொரு போனுக்குள்ளேயும் இறங்கிய சாஃப்ட்வேர், ஃபின்லாந்தில் இருந்த தாய்க் கம்பெனியிடமிருந்து வந்தது. அதுக்கு இந்திய நோக்கியா பணம் அனுப்பியது. 'அது ராயல்டி. 2006 முதல் வரி பிடிக்காம விட்டிருக்கீங்க, எடுங்க பணத்தை'ன்னது வரித்துறை. 'நாங்க வாங்கினது பொருள். சட்டப்படிதான் நடந்திருக்கோம்'னது நோக்கியா. இதில் இன்னொரு சிக்கல் என்னன்னா, சாஃப்ட்வேருக்குக் கொடுக்கிற பணமும் ராயல்டியே என்று 2012 பட்ஜெட்டில் ஒரு விளக்கம் சேர்த்தாங்க. அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் தெரியுமா? 1976 ஜூன் 1! மேட்ச் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு எல்.பி.டபிள்யூ. ரூல் புத்தகத்தை மாத்தின கதைன்னு கம்பெனிகள் புலம்பின. 'இல்லை, எப்பவும் இருந்த ரூலைத்தான் தெளிவா எழுதியிருக்கோம்'னு அரசு சொன்னது.

கேஸ் நடக்கும்போதே, 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் பிசினஸை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போறதா அறிவிப்பு. 544 கோடி யூரோ டீல். ஸ்ரீபெரும்புதூரும் அந்த லிஸ்டில் இருந்தது. 'வித்துட்டுப் போயிட்டா எங்க பாக்கியை யார்கிட்ட வாங்குறது?'ன்னு வரித்துறை, நோக்கியாவின் இந்தியச் சொத்துகளை முடக்கியது. கேட்டா நியாயம்தான்! டெல்லி உயர் நீதிமன்றம் டிசம்பரில் நிபந்தனைகளோடு முடக்கத்தை நீக்கியது. நோக்கியா உச்ச நீதிமன்றம் போச்சு. 2014 மார்ச்சில் அங்கே தள்ளுபடி. ஃபேக்டரியை மாத்தணும்னா 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுக்கணும்! இது போதாதுன்னு அதே மாசம் தமிழக வணிக வரித்துறையிடமிருந்தும் சுமார் 2,400 கோடிக்கு ஒரு நோட்டீஸ். 'ஏற்றுமதின்னு கணக்கு காட்டின போன்களை உள்ளூரிலேயே வித்திருக்கீங்க'ன்னு குற்றச்சாட்டு. நோக்கியா மறுத்து, சென்னை உயர் நீதிமன்றம் போச்சு.

2014 ஏப்ரல் 25. டீல் முடிஞ்சது. மைக்ரோசாஃப்ட் தேவையானதை எடுத்துக்கிட்டுப் போச்சு. ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி நோக்கியா கையிலேயே நின்னுபோச்சு. போன் பிசினஸே இல்லாத கம்பெனிக்கு ஒரு போன் ஃபேக்டரி! கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செஞ்சு கொடுத்தாங்க. பிறகு, 'நவம்பர் 1 முதல் வேண்டாம்'னு மைக்ரோசாஃப்ட் சொல்லிடுச்சு. லைன் நின்னது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 'மேக் இன் இந்தியா' திட்டம் டெல்லியில் அமர்க்களமா தொடங்கப்பட்டது 2014 செப்டம்பர் 25. சுமார் அஞ்சு வாரம் கழிச்சு இங்கே சுவிட்ச் ஆஃப்!

'கேஸ் இல்லேன்னா ஃபேக்டரி பிழைச்சிருக்குமா?' நேர்மையா சொல்லணும்னா, சந்தேகம்தான். 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேரைக் குறைப்பதா அறிவிச்சது. அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவங்க. ஹங்கேரியின் கோமாரோம் ஃபேக்டரியும் அதில் மூடப்பட்டது. அங்கே எந்த வரி வழக்கும் குறுக்கே நிக்கலை! நம்ம ஊரில் தயாரான ஆஷா மாதிரி போன்களுக்கே விடைகொடுத்துட்டாங்க. இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா, 2008-ல் ஜெர்மனியின் போஹும் ஃபேக்டரியை மூடி ருமேனியாவின் க்ளூஜுக்கு மாறினாங்க. 2011-ல் க்ளூஜை மூடி ஆசியாவுக்கு மாறினாங்க. போஹும்காரன் அழுதப்போ க்ளூஜ்காரன் சிரிச்சான். க்ளூஜ்காரன் அழுதப்போ ஆர்டர் நம்ம பக்கம் வந்தது. முறை வெச்சு எல்லார் வீட்டுக்கும் வர்ற விருந்தாளி!

ஆனா, கேஸ் ஒரு வேலை செஞ்சது. சீக்காளியைக் கொன்னது அது இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியை அடைச்சது. மைக்ரோசாஃப்ட் இல்லேன்னா இன்னொரு கம்பெனிக்கு வித்திருக்கலாம். முடங்கிய சொத்தை யார் வாங்குவா?

மூணாவது கடிகாரம்: ஷிஃப்ட்!

முதல் கடிகாரம் பங்குதாரர்களுக்கு. ரெண்டாவது வக்கீல்களுக்கு. மூணாவது கடிகாரம் யாருக்கு? விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுற பொண்ணுக்கு. இது மணிக்கணக்கில் நகரும். எட்டு மணி நேரம் ஷிஃப்ட், மாசம் ஒரு சம்பளம், அஞ்சாம் தேதி சீட்டுப் பணம், பத்தாம் தேதி வாடகை. இந்தக் கடிகாரத்துக்கு 'வாய்தா' கிடையாது.

2014-ல் நோக்கியா வி.ஆர்.எஸ். அறிவிச்சது. விருப்ப ஓய்வு! பேரைக் கவனிங்க. இருபத்தஞ்சு வயசில் 'ஓய்வு'. வேற வழி இல்லாதபோது 'விருப்பம்'. சங்கம் போராடியது. மனு கொடுத்தது. 'ஃபேக்டரியை அரசே எடுத்து நடத்தட்டும்' என்ற குரல் வரைக்கும் எழுந்தது. கடைசியில் சுமார் 5,000 பேர் செக் வாங்கிட்டுக் கிளம்பினாங்க. லைன் நின்ன அன்னிக்கு மிச்சம் இருந்தவங்க ஆயிரத்துக்கும் குறைவு. அதே வருஷம் டிசம்பரில் பக்கத்து ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். மாப்பிள்ளையை நம்பி வந்த சொந்தபந்தம் ஆச்சே!

செக் தொகையைக் கேட்டா ஊரில் வாய் பிளப்பாங்க. ஆனா, கணக்கு போட்டுப் பாருங்க. ப்ளஸ் டூ முடிச்சு 18 வயசில் சேர்ந்த பொண்ணுக்கு இப்போ 25, 26. ஏழு வருஷ அனுபவம். எதில் அனுபவம்? நோக்கியா லைனில், நோக்கியா மெஷினில், நோக்கியா போனை டெஸ்ட் பண்றதில். பக்கத்து கம்பெனியில் கேட்டா, அவங்களுக்கு வேண்டியது 19 வயசு ஃப்ரெஷர். அனுபவம் இருக்கிறதே தகுதிக் குறைவா மாறுற இடம் அது!

கடல் தாண்டி ஒரு கேம் கம்பெனி!

'இது நம்ம ஊர் தலையெழுத்து'ன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு நடந்ததைக் கேளுங்க. கர்ட் ஷில்லிங்னு ஒரு பிரபல பேஸ்பால் வீரர். கேம் பைத்தியம். '38 ஸ்டூடியோஸ்'னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். 'எங்க ஊருக்கு வாங்க, 450 பேருக்கு வேலை கொடுங்க'ன்னு ரோட் ஐலண்ட் மாநில அரசு 2010-ல் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. சலுகை கொடுத்து கம்பெனியைக் கூப்பிடுறது நமக்கு மட்டுமே சொந்தமான பழக்கம் இல்லை பாஸ்!

லட்சக்கணக்கானவங்க ஆன்லைனில் சேர்ந்து ஆடுற பிரமாண்ட கேம் ஒண்ணு செய்றதுதான் கனவு. அது தள்ளிப் போச்சு, தள்ளிப் போச்சு... வெளியே வரவே இல்லை. 2012 பிப்ரவரியில் வந்த வேறொரு கேம் சுமாரா வித்தும் பத்தலை. அந்த மே மாசம் அரசுக்குக் கட்ட வேண்டிய தவணை தவறியது. சம்பளம் நின்னது. கிட்டத்தட்ட 400 பேருக்கும் இ-மெயிலில் 'வேலை இல்லை'ன்னு தகவல். ஜூனில் திவால். நவம்பரில் அரசே வழக்கு போட்டது. வருஷக்கணக்கா இழுத்து, சமரசத்தில் அரசுக்கு சுமார் 6 கோடி டாலர் திரும்பி வந்தது. ஊழியர்களுக்கு? வராம போன கடைசிச் சம்பளத்தில் ஒரு சின்னத் துண்டு கைக்கு வர 2021 ஆச்சு. ஒன்பது வருஷம்!

அங்கேயும் அதே மூணு கடிகாரம். தாமதம் கம்பெனியைச் சாய்ச்சது. கோர்ட் கணக்கு முடிச்சது. நடுவில் வாடகை கட்ட வேண்டியவன் மாட்டினான்.

அப்புறம் என்ன ஆச்சு?

நம்ம கதையின் க்ளைமாக்ஸ் இன்னும் சுவாரஸ்யம். வழக்கில் இறுதித் தீர்ப்பு வரலை! இந்தியாவும் ஃபின்லாந்தும் உட்கார்ந்து பேசி, 2018-ல் நோக்கியா 20.2 கோடி யூரோ, அதாவது சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டுறதா சமரசம் ஆச்சு. பேசித் தீர்க்கிற வழி ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தில் இருந்ததுதான். கடைசியில் அதே வழியில்தான் தீர்ந்தது. ஆனா, லைன் நின்னு மூணரை வருஷம் கழிச்சு.

2019 நவம்பரில் அந்த ஃபேக்டரியை வாங்குறதா சேதி வந்தது. வாங்கினது யார் தெரியுமா? சால்காம்ப்! ஆமா, நோக்கியா பின்னாடியே வந்து சார்ஜர் செஞ்சுக்கிட்டிருந்த அதே சால்காம்ப். அஞ்சு வருஷத்தில் 2,000 கோடி முதலீடு, 10,000 பேருக்கு வேலைன்னு அறிவிப்பு. பெரிய மரம் சாய்ஞ்சது. அதைச் சுத்தி வளர்ந்த கொடி, வேற வேற மரத்தையும் பிடிச்சு வெச்சிருந்ததால தப்பிச்சது. எந்த போன் ஜெயிச்சாலும் சார்ஜர் வேணுமே!

2021 மார்ச்சில் வேறு கம்பெனிகளின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பதிப்புரிமையை விட்டுக்கொடுக்காம, உபயோகிக்கவோ மறுவிற்பனைக்கோ வெளிநாட்டுக் கம்பெனி விற்கிற சாஃப்ட்வேருக்குக் கொடுக்கிற பணம் ராயல்டி இல்லை, டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லைன்னு! நோக்கியா செஞ்சது வேற மாதிரி வியாபாரம். அதனால இதை அப்படியே அதுக்குப் பொருத்திட முடியாது. ஆனா, அந்த கேம் சி.டி. கேள்விக்கு நாட்டின் உச்சபட்ச இடத்திலிருந்து தெளிவான பதில் வர எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க.

இன்னிக்கு அதே ஹைவேயில் ஃபாக்ஸ்கான் திரும்பி வந்தாச்சு. 2019-லிருந்து ஐபோன் செய்றாங்க. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குற மாதிரி பெண்களுக்கான பிரமாண்ட ஹாஸ்டல் 2024 ஆகஸ்ட்டில் திறந்தாச்சு. மறுபடி அதே சீருடை, அதே பஸ், அதே பதினெட்டு, பத்தொன்பது வயசு முகங்கள். போன் மட்டும்தான் வேற!

கேம்பஸுக்கு கம்பெனி வந்தா...

'அப்போ ஃபேக்டரி வேலைக்கே போகக் கூடாதா?'ன்னு கேட்காதீங்க. தாராளமா போங்க! அந்த காரிடார்தான் நம்ம பக்கத்துக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. ஆனா, இன்டர்வியூவில் 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேட்கும்போது 'நோ சார்'னு சிரிச்சுட்டு எழுந்து வராதீங்க. நாலு கேள்வி வெச்சுக்கோங்க.

ஒண்ணு, இந்த பிளான்ட் எத்தனை பேருக்குப் பொருள் செய்யுது? ஒரே கஸ்டமர், ஒரே மாடல்னா... ஃபாக்ஸ்கான் 2014-ஐ நினைச்சுக்கோங்க. நாலு கஸ்டமர்னா சால்காம்ப்பை நினைச்சுக்கோங்க.

ரெண்டு, என் பேர் யார் ரிஜிஸ்டரில் இருக்கும்? கம்பெனியா, கான்ட்ராக்டரா, அப்ரென்டிஸா? ஐ.டி. கார்டில் இருக்கிற லோகோ வேற, ஆஃபர் லெட்டரில் இருக்கிற பேர் வேறன்னா, ஆஃபர் லெட்டர்தான் நிஜம்.

மூணு, இங்கே கத்துக்கிறது கேட்டுக்கு வெளியே செல்லுபடியாகுமா? ஒரு பட்டனை ஏழு வருஷம் அமுக்கினா அது அனுபவம் இல்லை, பழக்கம். அந்த மெஷினை செட் பண்ண, புரோகிராம் போட, ரிப்பேர் பார்க்கக் கத்துக்கிட்டா அது கைத்தொழில். முதல் வருஷமே மெயின்டனன்ஸ் பக்கம் எட்டிப் பாருங்க. சாயங்கால வகுப்பில், தபால் வழியில், எப்படியாவது அடுத்த படிப்பைத் தொடுங்க.

நாலாவது கேள்வி கம்பெனியிடம் இல்லை, உங்ககிட்டயே. வேலை கிடைச்ச பிறகும் பிசினஸ் பக்கம் படிக்கிறீங்களா? 2011-ல் டூயல் சிம் லேட்டானது, 2012-ல் சாம்சங் முந்தியது, 2013-ல் நோட்டீஸ் வந்தது... எல்லாமே பேப்பரில் அச்சாகி வந்த செய்திதான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்த களைப்பில் அதையெல்லாம் படிக்கச் சொல்ல எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா, உங்க ஃபேக்டரியின் முதல் ரெண்டு கடிகாரத்தையும் உங்களுக்காக யாரும் பார்த்துச் சொல்ல மாட்டாங்க.

கடைசியா ஒரு விஷயம், இது உங்களுக்கு மட்டும் இல்லை. சலுகை கொடுத்து கம்பெனியைக் கூப்பிடுற அரசுக்கும்தான். நிலத்துக்கு விலை எவ்வளவு, வரியில் தள்ளுபடி எவ்வளவுன்னு ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமா எழுதுறாங்க. 'பிரச்னைன்னு வந்து கோர்ட்டுக்குப் போனா, தீர்ப்பு வர்ற வரைக்கும் லைனில் நிக்கிற 8,000 பேருக்கு யார் பொறுப்பு?'ன்னு ஒரே ஒரு வரி எழுதினா என்ன? வரி பாக்கியை வசூலிக்க சொத்தை முடக்க வழி இருக்கு. சம்பளக் கடிகாரம் நிக்காம இருக்கவும் ஒரு வழி வேணும் இல்லையா?

சட்டம் படிக்கிறவங்க, பொருளாதாரம் படிக்கிறவங்க, நாளைக்கு ஐ.ஏ.எஸ். ஆகப் போறவங்க இதைப் படிக்கிறீங்கதானே? அந்த ஒரு வரியை எப்படி எழுதலாம்னு யோசிச்சு எழுதி அனுப்புங்க. நல்ல பதில் வந்தா இதே பக்கத்தில் பேசுவோம்.

அடுத்த வாரம் பார்க்கலாமா?